பெரிய விமானம் வாங்கினால் ஐரோப்பா கைக்கு வந்துவிடுமா? இண்டிகோவின் நெடுந்தூரக் கணக்கு

2024 ஏப்ரல் 25 அன்று இண்டிகோ 30 ஏர்பஸ் ஏ350-900 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இன்னும் 70 வாங்கிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து வாங்கி வைத்தது. அடுத்த ஆண்டே அந்த 30, 60 ஆனது. 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியதிலிருந்து ஏ320 குடும்பத்தையே நம்பி வளர்ந்த நிறுவனம் இது. சொந்த விமானங்களில், இடையில் சிறு ஊர்களுக்காக ஏடிஆர் என்ற சிறிய விமானம் சேர்ந்தது, அவ்வளவுதான். ஒரே ரக விமானம், ஒரே வகைப் பைலட், ஒரே உதிரிபாகக் கிடங்கு என்று சிக்கனம் பிடித்த வீடு திடீரென்று 64.75 மீட்டர் இறக்கை அகலமுள்ள விமானத்தை உள்ளே அழைக்கிறது.

செய்திகள் எல்லாம் எத்தனை விமானம், எத்தனை கோடி என்பதிலேயே நின்றுவிட்டன. விமானம் வாங்குவது இந்தத் தொழிலில் ஒப்பீட்டளவில் சுலபமான வேலை. உள்நாட்டில் இண்டிகோவுக்கு லாபம் தந்த அதே உத்தி, பத்து மணி நேரப் பயணத்தில் ஏறக்குறைய செல்லாது. அந்த இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்பப் போகிறார்கள் என்பதே கேள்வி.

முதலில் அந்த உத்தி என்ன என்று பார்ப்போம். சென்னை–மும்பை போன்ற ஒரு தடத்தில் கதவு மூடி மீண்டும் கதவு திறக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் 30 நிமிடத்தில் பயணிகளை இறக்கி, துடைத்து, ஏற்றிக் கிளம்பினால் 16 மணி நேரத்தில் ஆறு முறை பறக்கலாம். அதே வேலைக்கு ஒரு மணி நேரம் எடுக்கும் போட்டி நிறுவனம் ஐந்து முறைதான் பறக்கும். அந்த ஆறாவது பயணத்துக்கு விமான வாடகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மலிவு விமான நிறுவனத்தின் லாபம் பெரும்பாலும் அந்த ஆறாவது பயணத்தில்தான் இருக்கிறது.

இப்போது மும்பை–மான்செஸ்டர். போக ஏறத்தாழ பத்து மணி நேரம், குளிர்காலத்தில் எதிர்க்காற்றால் இன்னும் கூடும். தரையில் இரண்டு மணி நேரத்தை ஒன்றரையாகக் குறைத்தாலும் அந்த அரை மணியில் இன்னொரு பயணம் வராது. போய்த் திரும்பவே ஒரு நாள் முழுவதும் போய்விடும். பழைய பெரிய நிறுவனங்களும் நெடுந்தூர விமானங்களை நாளுக்கு 14, 15 மணி நேரம் பறக்கவிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்கு மேல் கசக்கிப் பிழிய அதில் இடமே இல்லை.

எரிபொருளிலும் சலுகை கிடையாது. இந்தத் தடத்தில் இண்டிகோ வாடகைக்கு எடுத்து ஓட்டிய போயிங் 787-9 ரகம், மணிக்கு ஏறத்தாழ ஐந்தரை டன் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 55 டன். போதாததற்கு, தொட்டியில் சுமந்துகொண்டு போகும் எரிபொருளின் எடையே எரிபொருளைத் தின்கிறது. பத்து டன் கூடுதலாக ஏற்றிப் பத்து மணி நேரம் பறந்தால், அதில் மூன்று டன் அளவுக்கு அதைச் சுமப்பதற்கே செலவாகும். இந்தச் செலவு மலிவு நிறுவனத்துக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் ஒன்றுதான். இந்திய நிறுவனத்துக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. உள்நாட்டுப் பயணத்துக்கு நிரப்பும் விமான எரிபொருளுக்கு மாநில மதிப்புக் கூட்டு வரி உண்டு, தமிழ்நாட்டில் 29 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்துக்கு நிரப்பும்போது அந்த வரி இல்லை.

முன்பே முயன்றவர்கள் எங்கே இடறினார்கள் என்பதைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. பிரிட்டனின் பிரெடி லேக்கர் நடத்திய மலிவு விமானச் சேவையான ஸ்கைட்ரெய்ன் 1977 செப்டம்பரில் லண்டன் கேட்விக்–நியூயார்க் இடையே டிசி-10 விமானங்களோடு தொடங்கியது. 1979இல் சிகாகோ விபத்துக்குப் பிறகு டிசி-10 ரகம் முழுவதும் சில வாரங்கள் தரையில் நின்றது. விமானக் கடன் டாலரில், வருமானத்தில் பெரும்பங்கு பவுண்டில். 1981இல் பவுண்டு சரிந்தபோது கடன் கழுத்தை நெரித்தது, பெரிய நிறுவனங்களும் அதே விலைக்கு இறங்கி வந்தன. 1982 பிப்ரவரியில் லேக்கர் மூழ்கியது. மலேசியாவின் மலிவு நிறுவனமான ஏர்ஏசியா எக்ஸ் 2009இல் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பழைய, நான்கு எஞ்சின் ஏ340 விமானங்களை ஓட்டியது. எரிபொருள் விலை ஏறியதும் 2012இல் நிறுத்திவிட்டு, ஏ330களை வைத்து ஆஸ்திரேலியா, கிழக்காசியா என்று நடுத்தரத் தூரத்துக்குள் சுருங்கிக்கொண்டது. அந்தச் சுருக்கம்தான் அதைச் சில ஆண்டுகள் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

இண்டிகோவுக்கு நேரடியாகப் பாடம் சொல்வது நார்வேயின் மலிவு நிறுவனமான நார்வேஜியன். 2013இல் 787-8 விமானங்களோடு ஆஸ்லோவிலிருந்தும் ஸ்டாக்ஹோமிலிருந்தும் நியூயார்க்குக்கும் பாங்காக்குக்கும் பறக்கத் தொடங்கியது. புத்தம்புது விமானங்களில் அடுத்தடுத்துக் கோளாறு. மாற்று விமானம் கைவசம் இல்லை. போர்ச்சுகலின் ஹைஃப்ளை நிறுவனத்திடமிருந்து ஏ340 வாடகைக்கு எடுத்தார்கள். பின்னர் வந்த 787-9களில் ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 1000 எஞ்சின்களின் இடைநிலை அழுத்த டர்பைன் பிளேடுகள் எதிர்பார்த்த ஆயுளுக்கு முன்பே அரித்து விரிசல் விட்டன. எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால் அங்கேயும் வரிசை. 2018இல் லண்டன்–நியூயார்க் தடத்தில் ஹைஃப்ளையின் ஏ380 ஒன்றையே வாடகைக்கு ஓட்டவேண்டி வந்தது. கடனில் தள்ளாடிய நிறுவனத்துக்குக் கொரோனா கடைசி அடி. 2021 ஜனவரியில் நெடுந்தூரப் பிரிவையே மூடினார்கள்.

அந்த 787களில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு 2022இல் பறக்கத் தொடங்கியதுதான் நார்ஸ் அட்லாண்டிக் என்ற இன்னொரு நார்வே நிறுவனம். அட்லாண்டிக் கடந்து மலிவு டிக்கெட் விற்பதில் அதுவும் திணறியது. ஆறு 787-9களை இண்டிகோவுக்கு வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டது. மும்பையிலிருந்து மான்செஸ்டர் போன இண்டிகோ விமானத்தின் வாலில் நார்வே பதிவெண் இருப்பதன் பின்கதை இதுதான். டிக்கெட் விற்று வரும் வருமானம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். மணிக்கணக்கு வாடகை மாதாமாதம் வரும். நார்ஸ் தேர்ந்தது இரண்டாவதை.

இந்த வாடகை முறைக்கு டேம்ப் லீஸ் என்று பெயர். வெட் லீஸில் விமானம், பணிக்குழு முழுவதும், பராமரிப்பு, காப்பீடு நான்கையும் விமானத்தின் சொந்தக்காரரே தருவார். டேம்ப் லீஸில் பைலட்களும் கேபின் குழுவில் ஒரு பகுதியும் அவர்களுடையவர்கள், மீதிக் கேபின் குழு வாடகைக்கு எடுப்பவருடையது. எரிபொருள், விமான நிலையக் கட்டணம், தரைச்சேவை, உணவு, டிக்கெட் விற்பனை எல்லாம் இண்டிகோவின் தலையில். கட்டணம் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். மாதத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் காசு என்ற உறுதியும் இந்த மாதிரி ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். பயணி இல்லாத பிப்ரவரியிலும் மீட்டர் ஓடும்.

இது மலிவான வழி அல்ல. ஆனாலும் சரியான வழி என்றே சொல்வேன். பெரிய விமானத்தை முதன்முறையாக ஓட்டும் நிறுவனத்துக்குத் தேவையான பைலட், பொறியாளர், உதிரிபாகம் மூன்றும் ஒரே நாளில் சேராது. வாடகை விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே கேபின் குழுவும், சரக்குப் பிரிவும், விலை நிர்ணயிப்பவர்களும் நெடுந்தூரத்தைக் கற்றுக்கொள்ளலாம். ஆபத்து கெடுவில்தான். இந்த வகை லீஸுக்கு இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ குறுகிய காலத்துக்கே அனுமதி தரும், பிறகு நீட்டிக்க வேண்டும். துருக்கிய ஏர்லைன்ஸிடமிருந்து 2023இல் எடுத்த 777களில் இது நன்றாகவே தெரிந்தது. 2025 மே மாதம் இந்தியா–துருக்கி உறவு கசந்ததும், நீட்டிப்பு ஒவ்வொன்றும் டெல்லியில் அரசியல் கேள்வியாகிவிட்டது.

நார்ஸ் விமானத்தின் உள்ளே 338 இருக்கைகள். முன்னால் 56 அகல இருக்கை, பின்னால் 3-3-3 வரிசையில் 282. இதே ரகத்தை இன்னும் நெருக்கி அடுக்கலாம். அவசரக் கதவுகளின் கணக்குப்படி 787-9க்கு 420 பேர், ஏ350-900க்கு 440 பேர் வரை அனுமதி உண்டு. பிரான்ஸின் மலிவு நிறுவனமான பிரெஞ்சு பீ தன் ஏ350-900இல் ஒரு வரிசைக்குப் பத்து இருக்கை போட்டு 411 பேரை ஏற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு பசிபிக் ஏ330-900இல் 459. ஏர் இந்தியாவின் ஏ350-900இல் 316தான். ஆக, ஒரே விமானத்தில் ஏறக்குறைய 100 இருக்கை வித்தியாசம் வரக்கூடும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே நிறுவனத்தின் எண்ணம் தெரிந்துவிடும்.

நெருக்கி அடுக்கும் வழி ரீயூனியன் தீவு, துபாய் போன்ற விடுமுறை, வேலைத் தடங்களுக்குப் பொருந்தும். இந்தியா–ஐரோப்பா தடத்தில் பின்வரிசையில் மாணவரும் குடும்பங்களும் உட்கார்வார்கள். அவர்களுடைய டிக்கெட் விலையைத் துபாய், தோகா வழிப் போட்டி அமுக்கிவிடும். பணம் முன்வரிசையில்தான். அந்த 56 இருக்கைகள் சாயும், ஆனால் படுக்கையாகாது. இரவு முழுக்கப் பறந்து காலையில் மீட்டிங்குக்குப் போகிறவர் கால் நீட்டிப் படுக்க முடியும் இருக்கையைத்தான் தேடுவார், அது ஏர் இந்தியாவிலும் பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் கிடைக்கிறது. அதனால் ஏ350 வரும்போது முன்னால் தட்டையாகும் படுக்கை இருக்கை போட்டே ஆக வேண்டும். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த இருக்கைகளின் சான்றிதழும் உற்பத்தியும் உலகம் முழுக்கத் தாமதமாகின்றன. விமானம் தயார், இருக்கை தயாரில்லை என்ற நிலை லுஃப்தான்சாவுக்கே நேர்ந்தது.

பலரும் கவனிக்காத பெரிய வருமானம் காலுக்குக் கீழே இருக்கிறது. 787-9இன் வயிற்றில் எல்டி3 வகைக் கன்டெய்னர் 36 பிடிக்கும், ஏ350-900இலும் அதே 36. ஒரு கன்டெய்னரில் 35 முதல் 40 பெட்டிகள் அடங்கும். 338 பேரும் ஆளுக்கு இரண்டு பெட்டி கொண்டுவந்தாலும் 676 பெட்டி, 17 முதல் 20 கன்டெய்னரோடு முடிந்துவிடும். மீதிப் பாதி சரக்குக்கு. எடைக் கணக்குப்படியும் ஐரோப்பா வரை 12 டன் சரக்கு தாராளமாகப் போகும். மருந்து, ஆயத்த ஆடை, வாகன உதிரிபாகம், பருவத்தில் மாம்பழம். இந்தச் சரக்கு நிலையாகக் கிடைத்தால் பிப்ரவரியின் காலி இருக்கைகளை ஓரளவு தாங்கும். பின்வரிசைப் பயணி சிலர் குறைந்தாலும் சரக்கு ஏற்றுமதியாளரை இழக்கக் கூடாது என்பது இந்தத் தடங்களில் எழுதப்படாத விதி.

அதைச் செய்யத் தரையில் தனி ஏற்பாடு வேண்டும். ஏ320 வயிற்றில் பெட்டிகளைக் கையால் அடுக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு கன்டெய்னரைத் தொட முடியாது. கன்டெய்னர் லோடர், உருளைகள் பதித்த டாலி வண்டிகள், உயரக் கதவை எட்டும் கேட்டரிங் லாரி, பெரிய இழுவை வண்டி எல்லாம் வேறு. 787க்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க 90 கேவிஏ இணைப்பு ஒன்று போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். நிறுத்துமிடமும் மாறும். ஏ320, ஏ321இன் இறக்கை 36 மீட்டருக்குள் அடங்கும், ஏ350க்கு 65 மீட்டர். ஒரு ஏ350 நிற்கும் இடத்தில் இரண்டு ஏ321 நின்றிருக்கலாம். மும்பை போன்ற நெரிசலான நிலையத்தில் அந்த இடம் சும்மா கிடைக்காது.

பணிக்குழுக் கணக்கை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், பணம் சத்தமில்லாமல் கரைவது இங்கேதான். பத்து மணி நேரப் பயணத்துக்கு இரண்டு பைலட் போதாது, மூன்று அல்லது நான்கு பேர். 338 இருக்கைக்கு ஐம்பதுக்கு ஒருவர் விகிதத்தில் கேபின் குழு 7, கதவுகள் எட்டு என்பதால் நடைமுறையில் அதற்கு மேல். இண்டிகோ மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் 2025 ஜூலையில் தொடங்கியபோது தலா வாரம் மூன்று பயணம். ஒரே விமானத்தை இரண்டு ஊருக்கும் மாற்றி மாற்றி அனுப்பினால் வாரத்தில் ஆறு நாள் நிரம்பும், ஏழாம் நாள் பராமரிப்புக்கு. விமானத்துக்கு அது சிக்கனமான ஏற்பாடு. குழுவுக்கு அப்படி இல்லை. செவ்வாயன்று மான்செஸ்டரில் இறங்கியவர்கள் அதே விமானத்தில் திரும்ப முடியாது, கட்டாய ஓய்வு வேண்டும். அடுத்த விமானம் வியாழன் என்றால் அதுவரை ஒரு டஜன் பேருக்கு ஓட்டல் அறையும் படியும். தினசரிப் பயணமாக இருந்தால் மறுநாள் விமானத்தில் திரும்பிவிடுவார்கள். பயண எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு பயணத்தின் செலவும் ஏறுவது இப்படித்தான்.

பைலட் உரிமத்திலும் ஒரு நுணுக்கம். 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும். உள்நாட்டில் ஒரு நாளிலேயே முடிந்துவிடும் வேலை இது. நான்கு பைலட் ஒரு விமானத்தில் போகும் நெடுந்தூரத்தில் லேண்டிங் செய்வது ஒருவர்தான். மாதத்துக்கு நான்கைந்து பயணம் போகும் பைலட்டுக்கு அந்த மூன்று கிடைக்காமல் போகலாம், பிறகு சிமுலேட்டரில் போய் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். ஏ320 பைலட்டை ஏ350க்கு மாற்றுவது ஏர்பஸ் குடும்பத்துக்குள் சுலபம் என்பது உண்மை. ஆனால் மாற்றும் ஒவ்வொரு அனுபவமுள்ள கேப்டனும் உள்நாட்டு அட்டவணையிலிருந்து போகிறார். 2025 டிசம்பரில் புதிய ஓய்வு நேர விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆயிரக்கணக்கான பயணங்களை இண்டிகோ ரத்து செய்ததைப் பார்த்த பிறகு, இந்த எச்சரிக்கையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வான்வெளி அடுத்த தலைவலி. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. சில நாள்களுக்குள் இண்டிகோ டெல்லியிலிருந்து அல்மாட்டி, தாஷ்கண்ட் பயணங்களை நிறுத்தியது. தூரத்தில் அருகிலிருக்கும் ஊர்கள்தான், ஆனால் சுற்றிப் போனால் ஏ320க்கு எட்டவில்லை. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய நிறுவன விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரச் சுற்றுக்கு ஐந்தரை டன் எரிபொருள், அதோடு குழுவின் பணிநேர வரம்பும் நெருங்கிவிடும். மும்பையிலிருந்து கிளம்பினால் இந்த நஷ்டம் மிகக் குறைவு, எப்படியும் கடல்மேல்தான் போகிறோம். முதல் ஐரோப்பியத் தடங்கள் மும்பையிலிருந்து தொடங்கியது நல்ல முடிவு.

ஆம்ஸ்டர்டாமையும் மான்செஸ்டரையும் தேர்ந்ததிலும் அர்த்தம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம்மின் தாயகம், மான்செஸ்டர் பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக்கின் தளங்களில் ஒன்று. 2025 ஜூனில் இந்த இருவரோடும் அமெரிக்காவின் டெல்டா, ஏர் பிரான்ஸோடும் கூட்டு அறிவித்தார்கள். இண்டிகோவிடம் உள்நாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் சந்தை. மதுரையிலும் கோவையிலும் ஏறும் பயணியை மும்பையில் சேர்த்து, ஆம்ஸ்டர்டாமில் கேஎல்எம்மிடம் ஒப்படைத்தால் பெரிய விமானம் நிரம்பும். லேக்கருக்கும் நார்வேஜியனுக்கும் இந்த அளவுக்கு இல்லாத பலம் இது. அவர்கள் இரு பெருநகரங்களுக்கு இடையே நேராகப் போகும் ஆளையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். துபாய் நிறுவனங்களுக்கு இந்தியா வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கை என்ற வரம்பை 2014க்குப் பிறகு கூட்டாமல் வைத்திருப்பதும் இண்டிகோவுக்குச் சாதகம்.

ஒரு செலவை மட்டும் இந்திய நிறுவனங்கள் உள்நாட்டுப் பழக்கத்தில் குறைத்து எடைபோடக்கூடும். ஐரோப்பிய ஒன்றிய நிலையத்திலிருந்து கிளம்பும் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் நிறுவனத்தின் தவறால் கடைசி நேரத்தில் ரத்தானாலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ பயணிக்குத் தலா 600 யூரோ. 338 பேர் என்றால் 2,02,800 யூரோ. பிரிட்டனில் தலா 520 பவுண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஒரு சின்னப் பம்ப் பழுதாகி, மாற்றுப் பாகம் மறுநாள் வந்தால் கதை முடிந்தது. அதனால் ஆறு விமானம் இருந்தால் ஐந்துக்குத்தான் அட்டவணை போட வேண்டும். உள்நாட்டில் நூற்றுக்கணக்கான ஏ320களில் ஒன்றை இழுத்து ஓட்டையை அடைத்துவிடலாம். ஐரோப்பாவுக்கு அது எட்டாது.

இத்தனையும் பார்த்தால், மலிவு நிறுவனத்தின் குணத்துக்கு உண்மையில் பொருந்தும் நெடுந்தூர விமானம் ஏ321எக்ஸ்எல்ஆர்தான். பின்பக்கத்தில் 12,900 லிட்டர் கூடுதல் தொட்டி, 8,700 கிலோமீட்டர் வரை எட்டும் திறன், அதே ஏ320 பைலட், பெரும்பாலும் அதே உதிரிபாகம். இண்டிகோ 2026 ஜனவரியில் மும்பை–ஏதென்ஸுக்கு இதை அனுப்பியது, 195 இருக்கையோடு. 338 பேரை நிரப்ப முடியாத ஊருக்கு 195 பேரை நிரப்பலாம். குறையும் உண்டு. பெட்டிகள் ஏற்றியதும் வயிறு நிரம்பிவிடும், சரக்கு வருமானம் சொற்பம். ஒற்றை நடைபாதையில் உணவு வண்டி நகரும்போது கழிவறைக்குப் போக வழியில்லை. ஏழு மணி நேரம் தாங்கும், பத்து மணி நேரம் கடினம். ஏதென்ஸ் மாதிரியான ஊர்களை இதனிடம் விட்டுவிட்டு, சரக்கும் முன்வரிசையும் நிச்சயம் நிரம்பும் லண்டன் போன்ற ஊர்களுக்கு மட்டும் ஏ350ஐ ஒதுக்கினால் கணக்கு நிற்கும். எல்லா ஊருக்கும் ஏ350 என்று ஆசைப்பட்டால் நார்வேஜியன் போன வழிதான்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த விமானங்களைப் பிடிக்கிறவர்களுக்குச் சில விஷயம். உள்நாட்டுப் பயணத்தையும் ஐரோப்பியப் பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், மதுரை விமானம் தாமதமாகி ஆம்ஸ்டர்டாம் விமானத்தைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் மும்பையில் டெர்மினல் 1, டெர்மினல் 2 இரண்டிலும் வரும், வெளிநாட்டு விமானம் டெர்மினல் 2இல்தான். இரண்டுக்கும் இடையே சாலை வழியாகத்தான் போக வேண்டும், மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட் எடுக்கும்போதே டெர்மினல் 2க்கு வரும் விமானமாகப் பார்த்து எடுப்பது நல்லது. திரும்பும்போது மும்பையிலேயே குடிநுழைவும் சுங்கமும் முடியும். பெட்டியில் கோவை என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் பெல்ட்டிலிருந்து எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டுப் பரிமாற்றக் கவுன்டரில் மீண்டும் போட வேண்டும். அதற்கு மூன்று மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.